வேதாளம் போதும், ‘தொடரும்’ வேண்டாம்

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என நான்கு குணங்களைப் பெண்ணுக்கென்று நம் முன்னோர் வகுத்தனர். அவற்றுள் முதலாவதை வளர்க்கும் பொறுப்பை இன்று தொலைக்காட்சி ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரவானால் கொலுசுச் சத்தம் கேட்கிறது. கதவு தானே திறக்கிறது. வெள்ளைப் புடவை ஒன்று அசைகிறது. வீட்டிலுள்ள சின்னஞ்சிறுசுகள் போர்வைக்குள் ஒளிந்து ஒரு கண்ணால் பார்க்கின்றன. ‘பேய்த் தொடர்களைத் தடை செய்க’ என்று எழுதிவிட்டால் எங்கள் வேலை எளிதில் முடிந்துவிடும். மேனிலை வகுப்பு மாணவியராகிய நாங்கள் அப்படி எழுதப் போவதில்லை, தோழியரே. பேய்க்கதை கேளாமல் வளர்ந்த பிள்ளை எந்த ஊரில் உண்டு?

பயப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. பாட்டியின் மடியில் படுத்து மோகினிக் கதை கேட்ட ஒவ்வொருவருக்கும் அது தெரியும். ஆனால் பாட்டி கதையை முடித்துவிட்டுத்தான் எழுந்து போவார். பிள்ளையின் கண் அகலமாக விரிந்தால் பேயைச் சற்றுச் சிறிதாக்கிக்கொள்வார். இவ்விரண்டையும் தொலைக்காட்சி செய்வதில்லை. எங்கள் வழக்கெல்லாம் இதைப் பற்றியதுதான்.

1985இல் தூர்தர்ஷனில் ‘விக்ரம் அவுர் பேத்தாள்’ என்ற தொடர் வந்தது. ராமானந்த் சாகர் எடுத்தது. பிறகு இராமனாக நடித்துப் புகழ்பெற்ற அருண் கோவில்தான் அதில் விக்கிரமாதித்தன். இந்தி தெரியாத வீடுகளிலும் பிள்ளைகள் அதைப் பார்த்தனர். கதைதான் ‘அம்புலிமாமா’வால் முன்பே தெரியுமே! ஓவியர் சங்கர் (2020இல் மறைந்தார்) வரைந்த அந்தப் படம் யாருக்கு மறக்கும்? தோளில் பிணம், கையில் வாள், சுற்றிலும் மண்டையோடுகள். சுடுகாடு, பிணம், நள்ளிரவு என்று அச்சத்துக்கு வேண்டிய யாவும் அங்கே உண்டு. ஆயினும் வேதாளம் ஒரு கதையை முழுதாகச் சொல்லி, ஒரு கேள்வியும் கேட்டுவிட்டு முருங்கை மரத்துக்குப் பறந்துவிடும். குழந்தையின் மனத்தில் எஞ்சுவது அந்தக் கேள்வி. பயந்த மனத்துக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போகும் அந்த வேதாளத்தை விடச் சிறந்த ஆசிரியர் யார்?

எங்கள் அன்னையர் சிறுமியராக இருந்த 1990களின் பிற்பகுதியில் ‘மர்மதேசம்’ வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். அதிலும் ‘விடாது கருப்பு’ என்ற பகுதியின் பெயரைச் சொன்னால் இன்றும் அம்மாமார் கொல்லைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள். நல்ல தொடர் என்பதை மறுக்க மாட்டோம். நடப்பது தெய்வச் செயலா, மனிதச் செயலா என்று பார்ப்பவரை யோசிக்க வைத்தது. வாரம் ஒருமுறை வந்ததால் இடையில் வகுப்பில் அதைப் பற்றிப் பேசித் தீர்க்க ஆறு நாள் கிடைத்தது. பேசப் பேசப் பயம் துப்பறிதலாக மாறிவிடும்.

தினத்தொடரில் அதற்கும் இடமில்லை. நாகமும் ஆவியும் கலந்த ‘நந்தினி’ 2017 ஜனவரியில் தொடங்கி 2018 டிசம்பர் வரை ஓடியது. ஏழு வயதில் பார்க்கத் தொடங்கிய பிள்ளைக்கு முடிவு தெரியும்போது ஒன்பது வயது நெருங்கியிருக்கும். ஒவ்வோர் இரவும் மிகவும் அஞ்சத்தக்க இடத்தில் படம் நின்று, ‘தொடரும்’ என்ற எழுத்து வரும். பெரியவர்கள் எழுந்து விளக்கை அணைப்பார்கள். குழந்தைக்குக் கதை நிற்பதில்லை. பாயில் படுத்த பிறகு தானே அதைத் தொடர்ந்துகொள்கிறது.

குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடலாமே என்பர். பிள்ளையார்பாளையத்தில் வந்து பார்க்கட்டும். முன்கூடத்தில் தறி, அதற்கு எதிரே தொலைக்காட்சிப் பெட்டி, நடுவில் இருக்கும் இடத்தில் அனைவருக்கும் பாய். பகலெல்லாம் தறிக்குழியில் கால் வைத்து உழைத்த அப்பா ஒரு மணி நேரம் தொடர் பார்ப்பதைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனமில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. குழந்தைகள் மிகுதியாகப் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சி கூடாது என்கின்றன 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள்; மூடநம்பிக்கையை வளர்ப்பதும் கூடாதாம். இணையவழிப் படங்களுக்கு 7, 13, 16 என வயது குறிக்க வேண்டும் என்று 2021இல் விதி வந்தது. ஆனால் கைப்பேசியில் துண்டு துண்டாக வரும் பேய்க்காட்சிக்கு வயது ஏது? அந்தக் கைப்பேசி பெரும்பாலும் நம் கையில், அதாவது அக்காமார் கையில், இருக்கிறது.

விளையாட்டன்று இது. 1992 அக்டோபர் 31 இரவு பிரிட்டனில் பி.பி.சி. ‘கோஸ்ட்வாட்ச்’ என்ற கற்பனைப் படத்தை நேரடி ஒளிபரப்புப்போலக் காட்டியது. மக்கள் நம்பிப் பழகிய அறிவிப்பாளர்களே அதில் தோன்றியதால் பலர் மெய்யென்றே எண்ணினர். அதைப் பார்த்த பத்து வயதுச் சிறுவர் இருவர் மனநோய்க்குச் சிகிச்சை பெற நேர்ந்ததை 1994இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்டது.

இன்னொரு குறை பெண்களாகிய நமக்கே உரியது. பேய் என்றால் ஏன் எப்போதும் பெண்? விரித்த கூந்தல், குங்குமம், அழுகை. கொன்றவன் சாதாரண மனிதனாகச் சட்டை போட்டுக்கொண்டு நடமாடுவான். கொல்லப்பட்டவளைக் கண்டுதான் நம் தம்பி அலறுகிறான். தலைவிரி கோலமாய் நிற்கும் ஒருத்தியைக் கண்டால் ‘உனக்கு என்ன நேர்ந்தது’ என்று கேட்கவல்லவா அவன் கற்க வேண்டும்?

நம் ஊரில் அச்சத்துக்கு வைத்தியம் உண்டு. பல்லி விழுந்தால் தீங்கு என்று நடுங்குவோர் வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் சென்று தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அஞ்சிய பொருளைக் கைக்கு எட்டும்படி வைத்தவர் குழந்தை மனம் அறிந்தவர் என்பது எங்கள் எண்ணம். 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்கூபி டூ’ சித்திரப்படமும் அதையே செய்கிறது. முடிவில் பேயின் முகமூடியை இழுத்தால் உள்ளே ஒரு திருட்டு மனிதன்! தம்பி தங்கையருக்கு எதைக் காட்டலாம் என்று கேட்போருக்கு அதையும் வேதாளத்தையும் சொல்வோம்.

வீட்டில் தினத்தொடர் ஓடியே தீருமென்றால், ‘தொடரும்’ வந்தவுடன் பெட்டியை அணைத்துவிட்டு மீதிக் கதையை நீங்களே சொல்லி முடித்துவிடுங்கள். ஆவிக்கு நியாயம் வாங்கிக் கொடுத்து அனுப்பிவையுங்கள். மறுநாள் தொடர் வேறு வழியில் போகும். ‘அக்கா, நீ சொன்னது தப்பு’ என்று தங்கை சண்டைக்கு வருவாள். வரட்டும். இரவு நன்றாகத் தூங்கியவளால்தான் காலையில் அப்படிச் சண்டை போட முடியும்.