மூச்சு விட்டால் போதும்

திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் ஞாயிறு மாலைகளில் சோப்புக் குமிழி விற்கும் நாகர்கோவில்காரர் ஒருவர் உண்டு. 2021 மே மாதம் டவ்தே புயலில் இங்கே கடலோரச் சாலையே இடிந்து விழுந்தது. கடலை அவர் சமாளித்துவிட்டார். இப்போது போட்டி, பொத்தானை அழுத்தினால் குமிழிகளாகத் துப்பும் பேட்டரி துப்பாக்கி.

போன வாரம் பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் அவரிடம் ஒரு டப்பா வாங்கினாள். ஊதினாள். வரவில்லை. பலங்கொண்ட மட்டும் ஊதினாள். சவ்வு உடைந்து முகத்தில் தெறித்தது.

"ஊதாதே பாப்பா. மூச்சை மட்டும் விடு" என்றார்.

விட்டாள். எலுமிச்சை அளவில் ஒன்று கிளம்பி விமான நிலையம் பக்கம் போனது.

குமிழிக்குள் அழுத்தம் வெளியைவிட எவ்வளவு அதிகம் என்று சொல்லும் 'ஃபோர் டி பை ஆர்' சூத்திரம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பரப்பு இழுவிசையை நான்கால் பெருக்கி ஆரத்தால் வகுக்க வேண்டும். அதற்கும் கையிலிருக்கும் வளையத்துக்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் சொன்னதில்லை.

உண்டு. ஊதும்போது சவ்வு புடைக்கிறது. புடைக்கப் புடைக்க அதன் ஆரம் குறைந்து, எதிர்ப்பு கூடுகிறது. அரைக்கோளமாகும்போது எதிர்ப்பு உச்சம். அதைத் தாண்டினால் ஆரம் பெருகும், எதிர்ப்பு தளரும், குமிழி தானே வளரும். 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளையத்துக்கு அந்த உச்சம் சுமார் 10 பாஸ்கல்தான். வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நொடிக்கு 4 மீட்டர் வேகக் காற்று போதும். சிறிய வளையமென்றால் இன்னும் வேகம் வேண்டும். குமிழி பிறக்க இப்படியொரு குறைந்தபட்ச வேகம் தேவை என்பதைப் பிரான்சில் ரென் நகர ஆய்வாளர்கள் சோதனையில் அளந்து வெளியிட்டது 2016இல்.

பிரிவது வேறு கதை. வளையத்துக்கும் குமிழிக்கும் நடுவே கழுத்து நீள்கிறது. குழாய் வடிவச் சவ்வு தன் சுற்றளவைவிட நீண்டால் நிலைக்காது. ஓரிடத்தில் ஒடுங்கி அறுந்துவிடும். இதை ஆராய்ந்த பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ பார்வை இழந்தவர். மற்றவர்கள் பார்த்துச் சொல்ல, சவ்வுகளைப் பற்றி 1873இல் பெரிய நூலே வெளியிட்டார்.

கலவையில் கிளிசரின் எவ்வளவு என்று குமிழிக்காரரிடம் கேட்டேன். நீர் ஆவியாகிவிடாமல் பிடித்துவைத்து, குமிழியின் ஆயுளை நீட்டுவது அதுதான்.

"அது மட்டும் கேட்கப்படாது சார்" என்றார்.