பார்ப்பதற்காக வரைதல்

மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவிக்கரையில் நிற்கும் கண்டல் மரத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னால், நம்மில் பலர் ஒரு தண்டும் அதன்மேல் குடைபோல இலைகளும் வரைவோம். தண்டிலிருந்து வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றி நிற்கும் வேர்கள் விடுபட்டுப்போகும். நாளும் கண்ணில் பட்டவைதான், நின்று பார்க்கவில்லை.

வரைதலைத் தியானம் என்று சொல்வது ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஒன்றின் பெயர் தெரிந்ததும் பார்வை ஓய்ந்துவிடுகிறது. வரைய உட்கார்ந்தால் ‘கண்டல்’ என்ற பெயர் கைகொடுக்காது. இந்த வேர் எங்கே பிரிகிறது, எங்கே நீரைத் தொடுகிறது என்று கண் தேடித்தான் ஆகவேண்டும்.

இதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கொலைடிஸ் கற்பித்த முறை அது. 1941இல் வெளிவந்த அவருடைய நூலில் விளக்கப்பட்டிருக்கிறது. கண்ணைப் பொருளிலேயே வைத்து, பென்சில் முனை அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டே போவதாக எண்ணி, தாளைப் பாராமல் மெல்ல வரையவேண்டும். படம் கோணலாகத்தான் வரும், வரட்டும். ‘எனக்குக் கை வராது’ என்று தயங்குபவருக்கும் இது பொருந்தும். இங்கே பழகுவது கையைவிடக் கண்தான்.

அப்படி வரையும்போது நம் மனமும் தெரியவரும். அவசரப்பட்ட இடத்தில் கோடு தாவியிருக்கும். தாளை எட்டிப்பார்க்கத் துடிப்பதும், அடுத்தவர் என்ன சொல்வாரோ என்று கூசுவதும் நமக்கே புலப்படும். அவற்றை அடக்க முயலாமல், கவனித்துவிட்டு மறுபடி வேருக்குத் திரும்புவதே பயிற்சி.

வரைதல் மனத்துக்குத் துணைநிற்பது நம் பிரதேசத்துக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில், 1996இல், அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் மரங்களுக்கிடையே ஒன்றாக இருந்து வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். சொல்லில் அடங்காத துயரத்துக்கு வண்ணமும் மண்ணும் வழிவிட்டன.

ஆனாலும் வரைதலை மருந்தாக எண்ணிவிடக்கூடாது. ஆழ்ந்த மனக்காயத்துக்கு மருத்துவரின் துணை வேண்டும். வரைதல் தருவது நிதானத்தையும், கண்முன் இருப்பதோடு ஓர் உறவையும்தான். ஒரு வேரை அரைமணி நேரம் பார்த்து வரைந்தவருக்கு, அந்தக் கண்டலை வெட்டிக் கரையை நிரப்புவது சாதாரண விடயமாகத் தெரியாது.

சித்திரப் பாடத்தில் பிள்ளைகள் புள்ளிக்காக வரைகிறார்கள். அது இருக்கட்டும். புள்ளி போடாத இன்னொரு கொப்பியையும் அவர்களிடம் கொடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு வாவிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்களும் ஒரு பென்சிலோடு பக்கத்தில் இருந்து வரையுங்கள்.