பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

2025 சனவரி 5-ஆம் தேதியோடு தூத்துக்குடி உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் முடிந்தது. ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், ஒன்றியக் கவுன்சிலர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் இடத்தைப் புதியவர்களால் நிரப்பத் தேர்தல் நடத்தவில்லை. மாறாக, சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் கொண்டு வந்து, நிர்வாகத்தைத் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்தார்கள். முதலில் ஆறு மாதம் என்றார்கள். ஆறு மாதம் கடந்தும் தேர்தல் வரவில்லை.

இந்தச் செய்தி நாளிதழ்களில் ஓரிரு நாள் வந்தது, பிறகு மறைந்துபோனது. கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கிராமங்களில் இதைப் பற்றிப் பெரிய சலசலப்பும் இல்லை. "யார் வந்தால் என்ன, போனால் என்ன?" என்று கேட்பவர்களே அதிகம். அந்தக் கேள்வியைத்தான் நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளை அரசின் கருணையில் வாழும் அமைப்புகளாக வைக்கவில்லை. ஒரு மன்றத்தின் காலம் ஐந்து ஆண்டு, அதற்கு மேல் நீடிக்க முடியாது. அந்தக் காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று பிரிவு 243-ஈ தெளிவாகச் சொல்கிறது. சட்டமன்றத் தேர்தலையோ நாடாளுமன்றத் தேர்தலையோ வார்டு வரையறை முடியவில்லை என்று காரணம் சொல்லித் தள்ளிப்போட யாரும் துணிவதில்லை. கிராமத்துத் தேர்தல் என்றால் மட்டும் அது இயல்பாக நடக்கிறது.

இது முதல் முறையும் அல்ல. 2016 அக்டோபரில் இதே நிலை வந்தது. தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் இரத்து செய்ய, அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மேல் தமிழகக் கிராமங்கள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியத்தையும் டெல்லி நிறுத்தி வைத்தது. 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அன்று ஆண்டது ஒரு கட்சி. 2025-இல் ஆண்டது அதற்கு நேரெதிர்க் கட்சி. கொடி மாறியும் பழக்கம் மாறவில்லை. எனவே இதை ஒரு கட்சியின் குற்றமாக மட்டும் பார்ப்பது போதாது.

தலைவர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

தனி அலுவலர் நேர்மையானவராக இருக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களில் பலர் ஒப்பந்தக்காரர்களோடு கைகோத்தவர்கள் என்பதும், பெண் தலைவருக்குப் பதிலாகக் கணவரே நாற்காலியில் உட்கார்ந்த ஊர்கள் உண்டு என்பதும் நமக்குத் தெரியும். அப்படியானால் அதிகாரியே மேல் என்று ஒருவர் வாதிடலாம்.

ஆனால் இருவரில் யார் நல்லவர் என்பதல்ல கேள்வி. யாருக்குப் பதில் சொல்ல அவர் கடமைப்பட்டவர் என்பதே கேள்வி. நம் கரிசல் பூமியில் கோடை வந்தால் முதல் சண்டை தண்ணீருக்குத்தான். கூட்டுக் குடிநீர்க் குழாய் உடைந்து பத்து நாள் தண்ணீர் வரவில்லை என்றால், தலைவர் வீட்டு வாசலில் காலிக் குடத்தோடு பெண்கள் நிற்பார்கள். டீக்கடையில் நிறுத்திக் கேட்பார்கள். அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நாளைக்கும் அதே தெருவில்தான் அவர் நடக்க வேண்டும், அடுத்த தேர்தலில் அதே வாசல்களுக்கு வர வேண்டும். கிராம ஊராட்சிகளுக்குத் தனி அலுவலராக இருப்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றியத்தின் ஊராட்சிகள் அத்தனைக்கும் அவர் ஒருவரே. அவரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டும். போனால், "சார் கலெக்டர் ஆபீஸ் மீட்டிங் போயிருக்கிறார்" என்ற பதில் கிடைக்கும். அவர் பதில் சொல்ல வேண்டியது மேலே இருப்பவருக்கு. கீழே இருப்பவருக்கு அல்ல.

பணம் எடுக்கும் முறையையும் பாருங்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது நடைமுறை. ஒருவரை ஒருவர் கண்காணிக்கட்டும் என்பதே இதன் நோக்கம். மன்றம் இல்லாத காலத்தில் கேள்வி கேட்க வார்டு உறுப்பினரும் இல்லை, தீர்மானத்தை எதிர்க்க ஒரு குரலும் இல்லை. எல்லாம் அலுவலகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இன்னொரு இழப்பு பெரியது. ஊராட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு. மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும். பல ஊர்களில் ஒரு தலித் பெண் அரசு அலுவலகத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்தது இந்த இடஒதுக்கீட்டால்தான். அதற்காகக் கொடுத்த விலை கொஞ்சமா? மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்த ஐந்து பேரும் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊர்களில் பத்தாண்டு காலம் தேர்தலே முறையாக நடக்க முடியவில்லை, 2006-இல்தான் நடந்தது. உயிரைக் கொடுத்துப் பெற்ற ஒரு நாற்காலியை ஓர் அரசாணையால் காலியாக வைத்துவிட முடிகிறது என்றால், அது வெறும் நிர்வாகத் தாமதம் அல்ல.

கனடா தரும் பாடம்

நம் தமிழர் பல்லாயிரம் பேர் குடியேறி வாழும் கனடாவில் நடந்ததை இங்கே நினைத்துப் பார்ப்பது பயன் தரும். 1995-இல் கியூபெக் மாநிலம் பிரிந்துபோவதா என்ற வாக்கெடுப்பு நடந்து, மயிரிழையில் நாடு ஒன்றாக நின்றது. பிறகு அம்மாநிலத்தில் மத்திய அரசின் பெயரைப் பரப்ப விளம்பரத் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். ஒரு நாளிதழின் செய்தியாளர் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துக் கணக்கைத் தோண்டத் தொடங்கினார். தலைமைத் தணிக்கையாளர் ஷீலா பிரேசர் 2004-இல் வெளியிட்ட அறிக்கை, செலவான ஏறத்தாழ 25 கோடி டாலரில் 10 கோடிக்கு மேல் விளம்பர நிறுவனங்களுக்குக் கட்டணமாகவும் கமிஷனாகவும் போனதைக் காட்டியது. நீதிபதி கோமரி தலைமையில் பொது விசாரணை நடந்தது. பதவியில் இருந்த பிரதமர் பால் மார்ட்டினும், முன்னாள் பிரதமர் ஜான் கிரெட்டியனும் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். 2006 சனவரித் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. புதிதாக வந்த ஸ்டீபன் ஹார்ப்பர் அரசு, அதே ஆண்டில் 'பொறுப்புடைமைச் சட்டம்' என்ற பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் அதே ஹார்ப்பர் அரசு, போர் விமானங்கள் உள்ளிட்டவற்றின் செலவு விவரத்தை நாடாளுமன்றத்துக்குத் தர மறுத்து, 2011 மார்ச்சில் நாடாளுமன்ற அவமதிப்புக்காகக் கவிழ்ந்தது. அடுத்து வந்த தேர்தலில் மக்கள் அவரையே பெரும்பான்மையோடு திருப்பி அனுப்பினார்கள். கணக்குக் கேட்டுப் பதவிக்கு வந்தவரே கணக்குக் காட்ட மறுத்தார். மக்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டம் தேவைதான். ஆனால் கேட்கிறவர்கள் சோர்ந்துவிட்டால் சட்டப் புத்தகம் தானாக எழுந்து பேசாது.

நம் கையில் இருப்பவை

கேட்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. 1994 டிசம்பரில் இராஜஸ்தானத்தின் கோட்கிரானா என்ற சிற்றூரில், ஏழைத் தொழிலாளர்கள் ஊர் நடுவே கூலிப் பட்டியலைச் சத்தமாக வாசிக்கச் செய்தார்கள். 'இந்த வேலையை நான் செய்யவில்லை, இந்தக் கூலியை நான் வாங்கவில்லை' என்று மக்களே எழுந்து சொன்னார்கள். அந்தக் குரல்தான் வளர்ந்து 2005-இல் தகவல் பெறும் உரிமைச் சட்டம் ஆனது. அதற்கு முன்பே, 1997-இல், இப்படி ஒரு சட்டத்தை இயற்றிய முதல் மாநிலம் நம் தமிழகம்.

மன்றம் கலைந்தாலும் கிராம சபை கலைவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடத்த வேண்டும் என்பது அரசின் ஆணை. அங்கே வரவு செலவை முழுமையாக வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். காலத்தோடு தேர்தல் நடத்த வேண்டும் என்று தீர்மானம் போடலாம். நடக்காத கூட்டத்துக்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வந்தால், போட மறுக்கலாம்.

கூட்டத்தில் பதில் கிடைக்காவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் போதும். ஊருணி தூர் வாரியதற்கு எவ்வளவு செலவு, எந்தத் தேதியில், யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். காரணமின்றி மறுத்தால் அந்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தனியாகக் கேட்கத் தயங்குபவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து போகலாம். நம் அன்பியங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இதற்கு நல்ல களங்கள். சாதி, சமயம் பாராமல் ஊராரோடு சேர்ந்து செய்தால்தான் இது பலிக்கும்.

1799 அக்டோபர் 16 அன்று இதே கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது, குற்றம் சாட்டியதும் தீர்ப்புச் சொன்னதும் ஒரே கை. பாளையக்காரர்கள் சுற்றி நின்று பார்க்க வைக்கப்பட்டார்கள். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத அதிகாரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிந்த மண் இது. இன்று நம்மை யாரும் வாய் பொத்தி நிற்கச் சொல்லவில்லை. கேள்வி கேட்கும் உரிமை சட்டமாகவே நம் கையில் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு நம் தெருவிலிருந்து எத்தனை பேர் போகப்போகிறோம்? இன்றைக்கே பேசி முடிவு செய்வோம்.