பழமலை மண்ணுக்கு அடியில் எண்ணெய் இருக்கா? சிப்பி சொல்லும் ஜாதகம்

விருத்தாசலம்:-

அரியலூரில் 10, கடலூர் மாவட்டத்தில் 5 என சோதனை கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி. கேட்ட அனுமதியை 2021 ஜூனில் தமிழக அரசு நிராகரித்தது. நரிமணம், திருவாரூர் பக்கம் கிணறு தோண்டியவர்களின் கண் இந்தப் பக்கம் ஏன் திரும்பியது?

விடை கல்லில் இருக்கு. புதுச்சேரி, விருத்தாசலம், அரியலூர் ஆகிய 3 இடங்களில் மட்டும் பழைய கடல் பாறை தரைக்கு மேலேயே தெரிகிறது. 1862-லேயே பிளான்போர்டு என்ற வெள்ளைக்காரர் இதை எழுதி வைத்துவிட்டார். 6.6 கோடி ஆண்டுக்கு முன்பே முடிந்துபோன காலத்து சிப்பி, சங்கு எல்லாம் இதில் கல்லாகி கிடக்கிறது. பழமலை என்ற பெயர் சும்மா வரவில்லை போலும்!

இதே பாறைதான் கிழக்கே போகப்போக பாதாளத்தில் இறங்குகிறது. அங்கே எந்த அடுக்கு எது என்று கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம்.

கிணறு தோண்டியதும் கம்பியில் கருவிகளை கட்டி உள்ளே விடுவாங்க. இதற்கு லாக்கிங் என்று பெயர். களிப்பாறை என்றால் காமா கதிர் அதிகம், மணற்பாறை என்றால் குறைவு. மணலில் உப்புத்தண்ணி இருந்தால் மின்சாரம் சுலபமாக பாயும். எண்ணெய் இருந்தால் பாயாது. 1927-ல் பிரான்சில் தொடங்கிய வித்தை இது.

ஆனால் இரண்டு களிப்பாறைகள் கோட்டுப்படத்தில் இரட்டைப்பிள்ளை மாதிரி ஒன்றாகவே தெரியும். வயதை சொல்வது போராமினிபெரா என்ற கடல் உயிரியின் மணல்துளி அளவு ஓடுதான். தோண்டும்போது சேற்றோடு மேலே வரும் பாறைத்தூளில் இது கிடைக்கும். மேல் அடுக்கு ஓடுகள் சரிந்து கீழேயும் விழும் என்பதால், இறங்கும் வழியில் ஒரு ஓடு முதலில் தலைகாட்டும் ஆழத்தைத்தான் கணக்கில் எடுப்பாங்க.

உதாரணத்துக்கு, ஒரே வயது பாறை ஒரு கிணற்றில் 1,500 மீட்டரிலும் பக்கத்து கிணற்றில் 1,900 மீட்டரிலும் வந்தால், நடுவில் பூமி சரிந்திருக்கலாம், பிளந்திருக்கலாம். எண்ணெய் தேங்க வாய்ப்புள்ள இடம் அது.

இப்படி பிரித்த அடுக்குகளுக்கு வைத்த பெயர்கள் எல்லாம் நம்ம ஊருங்கதான்: ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குமராட்சி, போர்ட்டோநோவோ (பரங்கிப்பேட்டையேதான்).

அப்போ விருத்தாசலத்தில் எண்ணெய்? எண்ணெய் உருவாக ஆழமும் சூடும் வேண்டும். மேலே மூடியாக களிப்பாறையும் வேண்டும். வெளியே தெரியும் பாறைக்கு இது எதுவும் இல்லை. நகரை ஒட்டிய மேற்குப் பகுதியில் வாய்ப்பு குறைவு, கிழக்கே போனால்தான் நம்பிக்கை.

இன்னொரு விஷயம். 2020 பிப்ரவரியில் வந்த வேளாண் மண்டல சட்டம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய 5 ஒன்றியங்களைத்தான் காக்கிறது. பட்டியலில் விருத்தாசலம் இல்லை. அதற்கு முந்தின மாதம் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்புப்படி சோதனை கிணற்றுக்கு மக்களிடம் கருத்து கேட்பு கூட்டமும் தேவையில்லை. ஆக, இங்கே விண்ணப்பம் வந்தால் அதை நிறுத்த வேண்டியது சென்னையில் உள்ள அனுமதி மேஜையில்தான்.