அடிக்காத சைரன்

கனமழை, வெயில், காட்டுத்தீ எதுவானாலும் அமெரிக்க தேசிய வானிலை சேவை முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறது. ஆனால் அது ஜனங்களிடம் போய்ச் சேருகிறதா? அங்கேதான் கோளாறு!

2023 ஆகஸ்ட் 8, ஹவாய். தீ அபாய எச்சரிக்கை அமலில் இருந்தும் லஹைனாவில் ஒரு சைரன்கூட அடிக்கவில்லை. 102 பேர் பலி.

2025 ஜூலை 4, டெக்சாஸ். முந்தைய நாளே வெள்ள முன்னறிவிப்பு வந்தாச்சு. ஆனால் கெர் கவுண்டியில் சைரன் அமைப்பே இல்லை. பணமில்லாமல் கிடப்பில் போட்ட திட்டம் அது. நள்ளிரவு தாண்டி ஆறு பொங்கியபோது ஊரே தூக்கத்தில். மாநிலத்தில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள்.

வெயிலுக்கோ சைரனும் கிடையாது. தனியாக இருக்கும் முதியவரின் கதவை யாராவது தட்டினால்தான் உண்டு.

கிடங்கிலேயே தங்கிவிட்ட சரக்கால் யாருக்கு லாபம்? சாட்டிலைட்டுக்குக் கோடிகளைக் கொட்டிவிட்டு, சைரனுக்குக் கணக்குப் பார்க்கலாமா?