தொழிற்சாலைக்கு உள்ள காவல் ஆய்வுகூடத்துக்கு ஏன் இல்லை?

மடுல்கெல்லப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலையொன்றில், கொழுந்தரைக்கும் இயந்திரங்களின் பேரிரைச்சலுக்கு நடுவே நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு இருவகைக் காவல் உண்டு. இயந்திரங்களுக்கு அதிதேவதையென்று தோட்டத்து மக்கள் பூசையிட்டு வணங்கும் ரோதைமுனி ஒன்று. சுழலும் வார்ப்பட்டியையும் பற்சில்லையும் கை அகப்படாதவாறு மறைத்து வைக்கும்படி உடைமைக்காரரைக் கட்டாயப்படுத்தும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் மற்றொன்று. முன்னதன் சக்தியைப் பற்றி வாதிட நான் வரவில்லை. ஆனால் அதே தொழிலாளியின் மகள், உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தி, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இரசாயன ஆய்வுகூடத்தில் செறிந்த அமிலப் போத்தலைக் கையில் எடுக்கும்போது, தந்தையைக் காத்த அந்தச் சட்டம் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது என்பதைத் தோட்டத்துப் பெற்றோரும் அறியார். படித்தோரிலும் பலர் அறியார்.

காரணம் சட்டத்தின் வரைவிலக்கணத்திலேயே கிடக்கிறது. பொருளொன்றை ஆக்கும் அலுவலில், வியாபாரமாகவோ ஆதாயங் கருதியோ, ஆட்கள் உடலுழைப்பில் அமர்த்தப்படும் இடமே தொழிற்சாலை என்பது அதன் கொள்கை. பல்கலைக்கழகமோ ஆதாயத்துக்கு நடப்பதன்று, மாணவியோ கூலியாள் அல்லள். எவருடைய வேலையாளும் அல்லள் ஆதலின், விபத்து நேர்ந்தபின் நட்டஈடு கோருவதற்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் அவளுக்குக் கைகொடாது. இலங்கைச் சர்வகலாசாலையைத் தோற்றுவித்த கட்டளைச் சட்டமும் அதே 1942ஆம் ஆண்டில், அதே அரசாங்க சபையின் காலத்தில் பிறந்தது என்பதை நினைக்கும்போது சிறிது வியப்பாகவே இருக்கிறது. உடன்பிறந்த இரண்டு சட்டங்களும் இத்தனை ஆண்டுகளாக ஒன்றையொன்று எட்டிப் பார்க்கவில்லை.

தேயிலை உருளையின் அபாயம் கண்ணுக்குத் தெரிவது. ஆய்வுகூடத்தின் அபாயம் பெரும்பாலும் அலுமாரிக்குள் அமைதியாக இருப்பது. ஈதர் என்னும் திரவத்தைத் திறந்து, சிறிது எடுத்துக்கொண்டு, மூடி வைத்துவிட்டால், மாதங்கள் செல்லச் செல்ல அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி, வெடிக்குந் தன்மையுள்ள பரவொட்சைட்டுகளைத் தோற்றுவிக்கும்; மூடியின் விளிம்பில் அவை பளிங்காய்ப் படிந்திருப்பின், அதைத் திருகும் உராய்வே வெடிப்பதற்குப் போதுமானது. இதற்குரிய தற்காப்பு, போத்தலைத் திறந்த தேதியை அதன் சுட்டுத்துண்டில் எழுதுவதும், காலங் கடந்ததை முறைப்படி அகற்றுவதுமே. எழுதுவது யார் கடமை, எழுதாவிடின் கேட்பது யார் என்னும் இரண்டு வினாக்களுக்கும், பேராசிரியரின் நற்குணத்தைத் தவிர வேறு விடை இல்லாத இடத்தில், அந்தத் தேதி சில நாள் எழுதப்படும், சில நாள் எழுதப்படாது.

சட்டம் உள்ளே நுழைந்தால் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. 2008 டிசம்பர் 29ஆம் நாள், லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், காற்றுப் பட்டவுடன் பற்றியெரியும் லித்தியச் சேர்வையொன்றை ஊசிக்குழாயில் எடுத்துக்கொண்டிருந்த 23 வயது உதவியாளரின் செயற்கை இழை மேற்சட்டை தீப்பற்றிற்று. அவர் காப்பங்கி அணிந்திருக்கவில்லை. பதினெட்டு நாளில் இறந்தார். பல்கலைக்கழக நிருவாகத்தின் மீதும், ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் மீதும் குற்ற வழக்கு எழுந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தத்தம் விதிகளைப் புரட்டிப் பார்த்தது அதன் பின்னரே. ஆயினும் அவ்வழக்கு எழுந்ததற்கு அடிப்படை, இறந்தவர் சம்பளம் பெற்ற ஊழியர் என்பது. அவர் வெறும் மாணவியாக இருந்திருப்பின் தொழிற் சட்டம் அங்கும் கைகட்டியே நின்றிருக்கும்.

ஆதாயத்தையும் சம்பளத்தையும் கேளாமல், பொருளின் அபாயத்தையே அளவுகோலாகக் கொள்ளும் சட்டம் நம் நாட்டில் இல்லாமலில்லை. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி, கதிரியக்க மூலத்தை வைத்திருப்பவர் வியாபாரியாயினும் பேராசிரியராயினும் அனுமதிப்பத்திரம் பெற்றே ஆகவேண்டும். அமிலத்துக்கும் ஈதருக்கும் இந்த நியாயம் ஏன் பொருந்தாது? சட்டம் இருந்தால் மட்டும் போதாதென்பதற்குத் தில்லிப் பல்கலைக்கழகம் சாட்சி. அங்கு 1985 முதல் பயன்படுத்தப்படாது கிடந்த கோபால்ட்-60 கருவியொன்று, பழைய தளவாடங்களோடு 2010 பெப்ரவரியில் ஏலம் போயிற்று. மாயாபுரி இரும்புக் கடைகளில் அதைப் பிரித்தவர்களுள் எண்மர் மருத்துவமனையில் சேர்க்கப்பட, ஒருவர் உயிரிழந்தார். ஐந்தேகால் ஆண்டுக்கொரு முறை பாதியாகத் தேயும் அக்கதிர்வீச்சு, அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ இருபத்தேழில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அந்த மிச்சமே ஓர் உயிரைக் குடித்தது. நம் பல்கலைக்கழகங்களிலும் ஆண்டுதோறும் பொருட் கணக்கெடுப்பு நடக்கிறது, கழிவுப் பொருள் விலைபோகிறது. பட்டியலில் கையொப்பமிடுவோருள் இரசாயனம் அறிந்த ஒருவர் கட்டாயமாக இருக்கவேண்டும் என்பேன்.

பரிசோதகர் வந்தால் கல்விச் சுதந்திரம் கெடும் என்று சிலர் ஆட்சேபிப்பர். தொழிற்சாலைப் பரிசோதகர் எவரேனும் தேயிலையின் சுவையைப் பற்றித் தீர்ப்புச் சொன்னதுண்டா? கண் கழுவும் குழாயில் நீர் வருகிறதா, நச்சாவியை வெளியேற்றும் விசிறி சுழல்கிறதா, அவசர வாயிலைப் பூட்டித் திறப்பைக் காவலாளி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாரா என்பவற்றைப் பார்க்க வருபவர், ஆராய்ச்சியின் முடிவைக் கேட்கப்போவதில்லை. பணமில்லை என்பதே மெய்யான ஆட்சேபணை. அதற்குப் பாதுகாப்புச் செலவைத் தனித் தலைப்பில் ஒதுக்குமாறு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விதிக்கவேண்டும். இரசாயனத்துக்கும் கையுறைக்கும் ஒரே தொகையைக் கொடுத்தால், துறைத்தலைவர் இரசாயனத்தைத்தான் வாங்குவார். தொழில் அமைச்சு செய்யவேண்டியது இன்னும் சிறியது: பரிசோதகரின் அதிகாரத்தை ஆய்வுகூட வாசலைக் கடக்கச் செய்து, காக்கப்படுவோருள் சம்பளம் பெறாத மாணவரையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிடுதல்.