உடலும் ஓர் அமானிதமே

 

உடலில் தேங்கிய கொழுப்பைக் குழாய் செலுத்தி உறிஞ்சி எடுக்கும் ‘லைப்போசக்ஷன்’ என்னும் அறுவை இன்று நம் இல்லங்களிலும் பேச்சாகிவிட்டது. “இது கூடுமா, கூடாதா?” என்று ஆலிம்களிடம் வந்து கேட்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் தந்தை. அறுவைக்கு ஆளாகப் போகிறவளோ மகள். காரணம் யாதெனில், பெண் சற்றுப் பருமனாக இருக்கிறாளாம். பெண் பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லாமல் போய்விட்டார்களாம்!

ஒன்றைப் பற்றி மார்க்கத் தீர்ப்புக் கேட்குமுன், அது இன்னதென்று அறிந்திருப்பது அவசியம். தோலில் சிறு துளைகளிட்டு, மரக்கச் செய்யும் மருந்து கலந்த உப்பு நீரை உட்செலுத்தி, மெல்லிய உலோகக் குழாயை முன்னும் பின்னும் இயக்கிக் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். இதனால் அகல்வது தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு மட்டுமே. குடலையும் ஈரலையும் சூழ்ந்து நின்று நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழி கோலும் கொழுப்பை அக்குழாய் தொடுவதில்லை.

அமெரிக்காவில் பருத்த உடலுடைய 15 பெண்களிடமிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோ கொழுப்பை இம்முறையில் அகற்றிப் பார்த்தார்கள். சுமார் மூன்று மாதங்களுக்குப் பின் சோதித்தபோது, அவர்களுடைய இரத்த அழுத்தத்திலோ, சர்க்கரையிலோ, இரத்தக் கொழுப்பிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. 2004-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இது. 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வோ, எடுத்த கொழுப்பு ஓராண்டுக்குள் உடலின் வேறிடங்களில் திரும்பவும் சேர்ந்துவிடுவதைக் காட்டிற்று. ஆகவே, இது உடல் பருமனுக்கு மருந்தன்று. உருவத்தைத் திருத்தும் முயற்சியேயாகும்.

இனி மார்க்கத்தின் நிலையைக் காண்போம். நம் உடல் நமக்குச் சொந்தமன்று; அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை அழிவில் தள்ள நமக்கு உரிமையில்லை. நோய்க்கு மருந்து தேடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்கமைத்து, அது துர்வாடை வீசியபோது, பொன்னால் அமைத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆனால், அழகு ஒன்றையே கருதிப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்கிய பெண்களை அவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள். குறையை நீக்குவது வேறு. அல்லாஹ் படைத்த நல்ல உடலை ஊரார் கண்ணுக்காக மாற்றுவது வேறு.

2007-இல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியின் உலமாக்கள் இதுபற்றி ஒரு தீர்மானம் செய்தார்கள். உடல் எடை நோயாகவே ஆகிவிட்டிருக்க வேண்டும். அறுவையன்றி வேறு வழி இருக்கக் கூடாது. தீங்கு நேராதென்ற உறுதியும் வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால் கொழுப்பை உறிஞ்சும் அறுவை கூடும் என்பது அதன் கருத்து. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள் என்பது இம்மூன்றில் எதிலும் அடங்காது.

தீங்கு அற்பமானதென்று எண்ணிவிட வேண்டாம். 2000-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கு, இவ்வறுவை செய்துகொண்டோரில் சுமார் 5,000 பேருக்கு ஒருவர் இறந்ததாகக் கூறிற்று. இரத்தக் கட்டி நுரையீரலை அடைத்ததே அம்மரணங்களுக்கு முதற் காரணமாக இருந்தது. பிற்காலக் கணக்குகளில் அவ்விகிதம் குறைந்துள்ளதாயினும், அபாயம் அகன்றுவிடவில்லை. குழாய் குடலைத் துளைத்துவிடுவதும், மரக்கும் மருந்து அளவு மீறி இருதயத்தைத் தாக்குவதும், கிருமி பரவிச் சதை அழுகுவதும், உடலின் நீர்ச் சமநிலை கெடுவதும் நிகழக் கூடியவை. 2022 மே மாதத்தில் பெங்களூரில் 21 வயதுடைய கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்கென்று சென்றவர், உயிரிழந்தார். இத்தகைய மரணம் நம் வீட்டில் நேர்ந்தால், பெண் பருமன் என்று சொல்லிச் சென்றவர்களா வந்து நமக்கு ஆறுதல் கூறப் போகிறார்கள்?

எனினும், சிலருக்கு உண்மையாகவே தேவை ஏற்படலாம். கால்களில் வலியுடன் கொழுப்புப் பெருகும் ‘லிப்பிடீமா’ என்னும் நோய் அதற்கோர் உதாரணம். அத்தகையோர் கவனிக்க வேண்டியவை சில உள. மருத்துவம் கல்லாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்பது நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பு. ஆதலின், அழகு நிலையத்தின் விளம்பரத்தை நம்பிச் செல்லாதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் முறையாகப் பட்டம் பெற்றவரா, மயக்க மருந்து நிபுணர் உடனிருப்பாரா, தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, எத்தனை லிட்டர் எடுக்கப் போகிறார்கள் என்றெல்லாம் வெட்கமின்றிக் கேளுங்கள். ஒரே முறையில் ஐந்து லிட்டருக்கு மேல் எடுப்பது அபாயத்தைப் பெருக்கும். உட்கொள்ளும் மருந்துகளையும், புகைப் பழக்கம் இருப்பின் அதனையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெண்கள் இயன்றவரை பெண் மருத்துவரையே நாடுவார்களாக!

அறுவை முடிந்த மறுநாளே பழைய வாழ்வுக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணுவது தவறு. வீக்கமும் கன்றலும் வாரக் கணக்கில் நீடிக்கும். இறுக்கமான உடையைப் பல வாரங்கள் அணிய வேண்டிவரும். வீக்கம் முற்றிலும் வடியச் சில மாதங்கள் ஆகும். தோல் மேடு பள்ளமாகவோ, உணர்ச்சியற்றோ போவதும் உண்டு. பளுத் தூக்கலாகாது, ஆயினும், இரத்தம் உறையாதிருக்க மெல்ல நடந்துகொண்டிருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்து அறுவை செய்துகொண்டு, ஓரிரு நாளில் விமானம் ஏறுவது பேராபத்து. உம்ராப் பயணமாயினும் மருத்துவர் அனுமதிக்கும் வரை ஒத்திவையுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், காய்ச்சல், வரவர மிகும் வயிற்று வலி ஆகியவற்றில் எது தோன்றினும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

தொழுகை அந்நாட்களிலும் கடமையே. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். துளைகளிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசியும். ஹனஃபி மத்ஹபில் வழிந்தோடும் இரத்தம் ஒளுவை முறிக்கும். இடைவிடாது கசியுமாயின் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒளுச் செய்துகொண்டால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் அது ஒளுவை முறிப்பதில்லை. நீர் படலாகாத இடமிருக்கக் குளிப்புக் கடமையானால், தத்தம் மத்ஹபின்படி ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

உண்பதில் வயிற்றை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். செலவில்லாத அந்த மருந்தை விட்டுவிட்டு, விருந்துதோறும் பிரியாணியைக் குவித்து உண்டு, பிறகு குழாயால் உறிஞ்சுவது எவ்வகையில் அறிவுடைமையாகும்?

மகனைப் பெற்ற தாய்மார்களே! பெண்ணின் தீனையும் குணத்தையும் கேட்குமுன் அவள் இடுப்பளவைக் கேட்காதீர்கள். உங்கள் ஒரு சொல், பிறர் பெற்ற பெண்ணை அறுவை மேசைவரை கொண்டுசெல்லும். மகளைப் பெற்ற தந்தையரே! அவளை அல்லாஹ் உங்களிடம் முழுமையாக ஒப்படைத்தான். அந்த அமானிதத்தைக் குறித்து நாளை மஹ்ஷரில் கேட்கப்படுவது நீங்களேயன்றி, பெண் பார்க்க வந்தவர்கள் அல்லர்.

வல்ல அல்லாஹ் நம் உடல்களுக்கு நலத்தையும், உள்ளங்களுக்கு நேர்வழியையும் அருள்வானாக! ஆமீன்.